பத்து நாள் நடக்க எந்தப் பாதை? பிரெஞ்சுக் கிராமங்கள் வழியே மூன்று தேர்வுகள்

சென்னையிலிருந்து அக்கா வரும் செப்டம்பரில் பாரீசுக்கு வருகிறாள். மூன்று வாரம் இருப்பாள். அதில் பத்து நாளை நடப்பதற்கென்றே ஒதுக்கிவிட்டாள். "மியூசியம் எல்லாம் போன தடவையே பார்த்தாச்சுடா. இந்தத் தடவை கிராமம் கிராமமா நடக்கணும். பழைய ஊரா இருக்கணும், வழியும் பழைய வழியா இருக்கணும்" என்று போனில் சொன்னாள். வயது ஐம்பத்து மூன்று. தினமும் காலையில் ஆறு கிலோமீட்டர் நடக்கிறவள், அதனால் தூரத்தைப் பற்றிக் கவலை இல்லை. இறக்கத்தில் மட்டும் இடது முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்காது. சைவம். பிரெஞ்சில் போன்ழூர், மெர்சி தாண்டி எதுவும் தெரியாது.

அவளுக்காக மூன்று பாதைகளை எடுத்துவைத்துப் பார்த்தேன். தென்-மத்திய பிரான்சின் லு புய்யிலிருந்து கோங்க் வரையான ஜி.ஆர். 65 பகுதி, அதே லு புய்யிலிருந்து தெற்கே செவென் மலைக்குள் இறங்கும் ஜி.ஆர். 70, அப்புறம் ஸ்பெயின் எல்லையை ஒட்டிய பிரனே மலையடிவாரத்தில் கோட்டை கோட்டையாகப் போகும் காதார் பாதை. முதல் இரண்டையும் முழுக்க நடந்திருக்கிறேன். மூன்றாவதில் நான்கு நாள்தான்.

ஜி.ஆர். என்பது பிரான்சின் நெடுந்தூர நடைபாதைகளுக்கான பெயர், கூடவே ஒரு எண் வரும். முதல் பாதைக்கு 1947 ஆகஸ்டில் லுவார் நதியோரம் ஓர்லெயானுக்கும் போஜான்சிக்கும் இடையே 28 கிலோமீட்டருக்குக் குறியிட்டார்கள். மேலே வெள்ளைக் கோடு, கீழே சிவப்புக் கோடு. மரத்தில், வேலிக் கம்பில், வீட்டுச் சுவரின் மூலையில் பார்க்கலாம். கோடுகள் தெரிந்தால் நேரே போக வேண்டும். பெருக்கல் குறி தெரிந்தால் அது நம் வழி இல்லை, திரும்ப வேண்டும். இவ்வளவு தெரிந்தால் போதும், மொழி தெரியாதவரும் ஊர் போய்ச் சேரலாம். உள்ளூர்த் தன்னார்வலர்கள் பெயின்ட் டப்பாவோடு நடந்து நடந்து இந்தக் குறிகளைப் புதுப்பிக்கிறார்கள். அந்த வேலையின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

சரி, அக்கா கேட்ட "பழைய வழி" என்பதிலிருந்தே தொடங்குகிறேன். காட்சி மூன்று பாதையிலும் நன்றாகத்தான் இருக்கிறது, அதை வைத்துத் தேர்ந்தெடுக்க முடியாது. ஆனால் அந்த வழியில் யார் நடந்தார்கள், எதற்கு நடந்தார்கள், இன்றும் அதற்காக நடக்கிறார்களா என்று பார்த்தால் மூன்றும் வேறு வேறு.

லு புய் ஊரே பார்க்க விசித்திரமானது. வீடுகளுக்கு நடுவில் பழைய எரிமலைப் பாறைகள் கூம்பு கூம்பாக நிற்கும். இந்த ஊரின் ஆயர் கொதெஸ்கால்க் 950ஆம் ஆண்டு இங்கிருந்து ஸ்பெயினின் சாந்தியாகோ தெ கொம்போஸ்தெலாவுக்குக் கிளம்பினார். தமிழ்க் கிறிஸ்தவர்கள் சந்தியாகப்பர் என்று கும்பிடுகிற அதே புனிதரின் கல்லறைக்குத்தான். திரும்பி வந்ததும் ஊருக்குள் இருக்கும் ஒரு பாறைக் கூம்பின் உச்சியில் தேவதூதர் மிக்கேலுக்கு ஒரு சிற்றாலயம் எழுப்பினார். 268 படி ஏறினால் இன்றும் உள்ளே போகலாம்.

அந்த ஊரில் ஒரு காலை எனக்கு மறக்காது. பேராலயத்தில் ஏழு மணிப் பூசை. முடிந்ததும் யாத்திரிகர்களைக் கூப்பிட்டு, எந்த நாடு என்று கேட்டு, ஆசி கொடுத்து அனுப்புகிறார்கள். பிறகு ஆலயத்தின் நடுத்தளத்திலேயே கம்பிக் கதவு திறக்கும். தரைக்கடியிலிருந்து அகலமான படிக்கட்டு நேராக ஊரை நோக்கி இறங்கும். முதுகுப் பையும் கைக்கோலுமாக நாற்பது ஐம்பது பேர் அந்தப் படிகளில் இறங்கி, ஒரே தெருவில் நடந்து, அப்படியே ஊரைவிட்டு வெளியே போனோம். கடைக்காரர்கள் கையசைத்தார்கள். பக்திக்காக வந்தவர்கள் பாதிப் பேர்கூட இருக்க மாட்டார்கள். ஆனாலும் ஆயிரம் வருடத்துக்கும் மேலாக எதற்காக இந்த வழியில் நடந்தார்களோ, அதற்காகவே இன்னும் நடக்கிறவர்கள் நம் பக்கத்தில் வருகிறார்கள். மற்ற இரண்டு பாதையிலும் இது இல்லை.

கோங்க் வரை சுமார் 200 கிலோமீட்டர், பத்து நாளுக்குச் சரியாக வரும். முதல் மூன்று நாள் ஆலியே ஆற்றுப் பள்ளத்தாக்கும் மார்ஜரீட் காடுகளும். நடுவில் சோக் என்ற சிற்றூர். 1764 முதல் 1767 வரை இந்தப் பக்கத்து மேய்ப்பர்களையும் குழந்தைகளையும் கடித்துக் கொன்ற ழெவோதான் விலங்கின் கதையை அந்த ஊர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது, அதற்கென்று ஒரு அருங்காட்சியகமும் வைத்திருக்கிறது. ஐந்தாம் நாள் தாண்டினால் ஓப்ராக் பீடபூமி.

ஓப்ராக்கில்தான் இந்தப் பாதையின் உயிர் இருக்கிறது என்பேன். 1200, 1300 மீட்டர் உயரத்தில் மரமே இல்லாத புல்வெளி. இடுப்பளவுக்கு அடுக்கிய கருங்கல் சுவர்கள். கண்ணுக்கு மை தீட்டின மாதிரி இருக்கும் பழுப்பு நிற மாடுகள். மாட்டுக்காரர்கள் கோடையில் தங்கி சீஸ் செய்த பூரோன் என்னும் கல் குடிசைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும், பல கூரை இடிந்து கிடக்கும். பனிமூட்டம் இறங்கினால் பத்தடி தள்ளி எது என்று தெரியாது. இதே மூட்டத்தில் வழி தெரியாமல் இறந்த யாத்திரிகர்கள் ஏராளம். அதனால்தான் 1120ஐ ஒட்டி அதலார் என்ற ஃப்ளாண்டர்ஸ் பிரபு இங்கே ஒரு மடமும் சத்திரமும் கட்டினார். மூட்டமும் பனிப்புயலும் வந்தால் மடத்துத் துறவிகள் விடாமல் மணி அடிப்பார்கள். அதற்குத் தொலைந்தவர்களின் மணி என்றே பெயர். மணியின் மேல் லத்தீனில் "வழி தவறியவர்களைத் திரும்ப அழை" என்று பொறித்திருந்தார்கள்.

ஓப்ராக்கிலிருந்து சேன்-ஷெலிக்கு இறங்கினால் சின்னக் கல் பாலம் ஒன்று. அதிலுள்ள சிலுவையின் அடியில் கோலும் போர்வையுமாக ஒரு குட்டி யாத்திரிகரைச் செதுக்கியிருக்கிறார்கள். குனிந்து பார்த்தால்தான் தெரியும். அங்கிருந்து லோத் நதிப் பள்ளத்தாக்கு. முறுக்கிய கோபுரத்தோடு சேன்-கோம், சிவப்புக் கல் பாலத்தோடு எஸ்பாலியோன், கோட்டையோடு எஸ்தேன். ஒன்றைவிட ஒன்று அழகு. யுனெஸ்கோ 1998இல் பிரான்சின் சாந்தியாகோ வழிகளைப் பட்டியலில் சேர்த்தபோது, ஆலயங்களோடும் பாலங்களோடும் சேர்த்து வெறும் பாதைத் துண்டுகளையும் எடுத்துக்கொண்டது. அவற்றில் இரண்டு, நாஸ்பினாலிலிருந்து சேன்-ஷெலி வரையும் சேன்-கோமிலிருந்து எஸ்தேன் வரையும், ஒவ்வொன்றும் 17 கிலோமீட்டர், இந்தப் பத்து நாளுக்குள்ளேயே வருகின்றன. காலடியில் இருக்கிற பாதையே நினைவுச்சின்னம்.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. இன்றைய ஜி.ஆர். 65இன் தடத்தை 1970களில்தான் வரைந்தார்கள். இடைக்கால வழியில் கணிசமான பகுதி இப்போது தார்ச்சாலைக்கு அடியில் போய்விட்டது, அந்த இடங்களில் பாதை சுற்றிக்கொண்டு காட்டுக்குள் போகும். ஒவ்வொரு அடியும் கொதெஸ்கால்க் மிதித்த மண் என்று நினைத்துக்கொண்டு போகக் கூடாது.

கடைசியில் கோங்க். மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர், நடுவில் சேன்-ஃபுவா ஆலயம். 866இல் அழேன் நகரத்து ஆலயத்திலிருந்து இந்தப் புனிதையின் எலும்புகளை இங்குள்ள துறவி ஒருவர் திருடிக்கொண்டு வந்தார் என்பதை ஊர்க்காரர்களே மறைக்காமல் சொல்வார்கள். வாசல் மேலே 12ஆம் நூற்றாண்டில் செதுக்கிய இறுதித் தீர்ப்புச் சிற்பம், மொத்தம் 124 உருவங்கள். எல்லோரும் சொர்க்கத்தையும் நரகத்தையும் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். வெளி வளைவின் விளிம்பைப் பாருங்கள். துணி மடிப்பின் பின்னாலிருந்து குட்டி முகங்கள் வரிசையாக எட்டிப் பார்க்கும், விரல்கள் மட்டும் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருக்கும். இருநூறு கிலோமீட்டர் நடந்துவந்து அந்த முகங்களைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இரண்டாவது, ஜி.ஆர். 70. இதுவும் லு புய்யில்தான் தொடங்கும், ஆனால் சரித்திரப்படி தொடக்கம் அங்கிருந்து ஒரு நாள் நடை தூரத்தில் இருக்கும் லு மொனாஸ்தியே. 1878 செப்டம்பர் 22 அன்று எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் அங்கிருந்து ஒரு கழுதையோடு கிளம்பினார். அப்போது அவருக்கு 27 வயது. மனம் விரும்பிய பெண் அமெரிக்காவுக்குத் திரும்பிப் போயிருந்தார். 65 பிராங்கும் ஒரு கிளாஸ் பிராந்தியும் கொடுத்து வாங்கிய அந்தக் கழுதைக்கு மொதெஸ்தின் என்று பெயர் வைத்தார். பன்னிரண்டு நாள் நடந்து சேன்-ழான்-து-கார் போய்ச் சேர்ந்தபோது கழுதையால் அதற்கு மேல் முடியவில்லை. சேணத்தோடு சேர்த்து 35 பிராங்குக்கு விற்றுவிட்டு வண்டியேறினார். அடுத்த வருடமே இந்தப் பயணம் புத்தகமாக வந்தது. இன்றும் கழுதையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, குழந்தைகளோடு இந்த வழியில் நடக்கிற குடும்பங்களைப் பார்க்கலாம்.

ஒரு மனிதரின் பன்னிரண்டு நாளைத் தொடர்ந்து போகிற பாதை என்றால் சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் அவர் ஏன் இந்த மலைக்கு வந்தார் என்பதில்தான் இருக்கிறது சமாச்சாரம். ஸ்காட்லாந்தின் புராட்டஸ்டன்ட் குடும்பத்துப் பிள்ளை அவர், கமிசார்கள் எனப்பட்ட புராட்டஸ்டன்ட் கிளர்ச்சிக்காரர்களின் மலையைப் பார்க்க வந்தார். பதினான்காம் லூயி 1685இல் புராட்டஸ்டன்டுகளுக்கு வழிபாட்டு உரிமை தந்த நாந்த் ஆணையை ரத்து செய்ததும் புராட்டஸ்டன்ட் வழிபாடு குற்றமாகிவிட்டது. செவென் மலைவாசிகள் குகைகளிலும் காடுகளிலும் கூடிப் பாடினார்கள். 1702 ஜூலை 24 இரவு லு போன்-து-மோன்வேர் ஊரில், தங்கள் ஆட்களைச் சிறை வைத்திருந்த ஷெய்லா என்ற பாதிரியாரின் வீட்டைச் சூழ்ந்து அவரைக் கொன்றார்கள். அதிலிருந்து இரண்டு வருடம் போர். விவசாயிகளும் கம்பளி நெய்பவர்களும் அரசனின் படையை எதிர்த்து நின்றார்கள்.

இந்தப் பாதையில் சரித்திரம் பெரிய கட்டடமாக நிற்காது, தேடிப் பார்க்க வேண்டும். பொதுக் கல்லறையில் இடம் மறுக்கப்பட்டதால் புராட்டஸ்டன்ட் குடும்பங்கள் தங்கள் இறந்தவர்களை வீட்டு நிலத்திலேயே புதைத்தார்கள். அந்த இடத்தில் சைப்ரஸ் மரம் நட்டார்கள். இரண்டு சைப்ரஸ்கள் சேர்ந்து ஒரு தோட்டத்தின் ஓரத்தில் நின்றால் அங்கே யாரோ தூங்குகிறார்கள் என்று பொருள். ஃப்ளோராக்கைத் தாண்டியபின் நான் மரங்களை எண்ணிக்கொண்டே நடந்தேன். தெற்கே போகப் போக மலைச்சரிவு முழுக்கப் படிப்படியாகக் கல் அடுக்கிய தோட்டங்கள், செஸ்ட்நட் மரங்கள். அந்தக் கொட்டையை மாவாக்கித்தான் மலை சாப்பிட்டது. அதனால் அதற்கு ரொட்டி மரம் என்றே பெயர். முசுக்கட்டையும் பட்டுப்புழுவும்கூட இருந்தன. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் புழுக்களுக்கு நோய் வந்து தொழில் சரிந்தபோது, லூயி பாஸ்டர் 1865 முதல் அலேசுக்கு வந்து அதை ஆராய்ந்தார்.

மோன் லொசேர் மலைமுதுகில், ஆட்டு மந்தைகளை ஓட்டிச் சென்ற பழைய வழியில், மோன்ழுவா என்னும் உயரமான கருங்கற்கள் வரிசையாக நட்டிருக்கும். பனி மூடினாலும் வழி தெரிவதற்கு. இந்த மலையின் சில குக்கிராமங்களில் பனிப்புயலில் வழிகாட்ட மட்டுமே கட்டிய சின்ன மணிக்கூண்டுகளும் உண்டு. ஓப்ராக்கில் துறவிகள் செய்ததை இங்கே ஊர்க்காரர்களே செய்தார்கள்.

எனக்கு மனசுக்கு நெருக்கமான பாதை இதுதான், ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் முழுசாக நடந்தால் லு புய்யிலிருந்து அலேஸ் வரை 272 கிலோமீட்டர், பத்து நாளில் அடங்காது. லா பாஸ்தீத் வரை ரயிலில் போய் அங்கிருந்து சேன்-ழான் வரை ஏழெட்டு நாளில் நடக்கலாம், சிறந்த பகுதி அதுவே. அப்புறம் முழங்கால். ஃபினியேல் உச்சி 1699 மீட்டர். அங்கிருந்து போன்-து-மோன்வேர் வரை ஒரே நாளில் 800 மீட்டருக்கு மேல் இறக்கம். மறுநாளே பூஜேஸ் மலைமேல் 1421 மீட்டர் உயரம் வரை ஏறி ஃப்ளோராக்குக்கு இறங்க வேண்டும், அதுவும் கிட்டத்தட்ட 900 மீட்டர். அடுத்தடுத்து இரண்டு நாள் இப்படி என்றால் அக்காவுக்கு ஆகாது. செப்டம்பரில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மத்தியதரைக்கடல் பக்கத்திலிருந்து ஈரக்காற்று வந்து மலையில் மோதி, சில மணி நேரத்தில் கொட்டித் தீர்க்கும். ஓடைகள் நொடியில் பெருகிவிடும். வானிலை எச்சரிக்கை வந்தால் அன்றைய நடையை விட்டுவிட்டு ஊரிலேயே இருக்க வேண்டும். அதற்குக் கையில் ஒரு நாளாவது மிச்சம் வேண்டும்.

மூன்றாவதைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. காதார்கள் என்பவர்கள் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்காத ஒரு இடைக்காலக் கிறிஸ்தவப் பிரிவினர். காதார் பாதை கடலோரத்துப் போர்-லா-நூவெலிலிருந்து ஃபுவா வரை சுமார் 250 கிலோமீட்டர், வழக்கமாகப் பன்னிரண்டு நாள். கெரிபுஸ், பெய்ர்பெர்த்யூஸ், புய்லோரான்ஸ், மோன்செகூர் என்று பாறை நுனிகளில் நிற்கும் கோட்டைகள். பெய்ர்பெர்த்யூஸ் 800 மீட்டர் உயரத்தில் கப்பல் மாதிரி நிற்கும், கீழிருந்து பார்த்தால் பாறை எது சுவர் எது என்று பிரிக்க முடியாது. 1244 மார்ச் 16 அன்று மோன்செகூரின் அடிவாரத்தில் மதம் மாற மறுத்த இருநூறுக்கும் மேற்பட்ட காதார்களை உயிரோடு எரித்தார்கள். அந்த இடத்தில் ஒரு கல் நட்டிருக்கிறார்கள். அங்கே நின்றபோது பேச்சு வரவில்லை.

ஆனால் இன்று நாம் பார்க்கிற சுவர்களில் பெரும்பகுதி காதார்கள் கட்டியது இல்லை. அவர்களை அடக்கிய பின் அரகோன் எல்லையைக் காக்கப் பிரெஞ்சு அரசர்கள் எழுப்பிய கோட்டைகள் அவை. மோன்செகூரின் இடிபாடும் முற்றுகைக்குப் பிறகு வந்ததே. பாதையும் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கோட்டைகளை இணைப்பதற்காகப் போட்டது. அக்கா கேட்ட பழைய வழி இது இல்லை. தினமும் கோட்டைக்கு ஏறி இறங்க வேண்டும், கோடையில் நிழலும் தண்ணீரும் குறைவு, காட்டுத்தீ அபாயம் இருந்தால் வழியை மூடிவிடுவார்கள். காலும் மனசும் உறுதியான, கூட்டமே வேண்டாம் என்கிற ஒருவர் மே மாதத்தில் போகலாம். அருமையாக இருக்கும்.

சாப்பாடு, தங்கல் பற்றி. மூன்றிலும் ஜீத் எனப்படும் நடப்பவர் விடுதிகள் உண்டு. இரவுச் சாப்பாடு, படுக்கை, காலை உணவு மூன்றும் சேர்த்து ஒருவருக்கு ஐம்பது யூரோவை ஒட்டி ஆகும். எல்லோரும் ஒரே நீள மேசையில் உட்கார வேண்டும், வைத்ததைத்தான் சாப்பிட வேண்டும். சைவம் என்பதை முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும், போய் இறங்கிவிட்டுச் சொன்னால் முட்டை ஆம்லெட்தான் கிடைக்கும். முட்டையும் கூடாதென்றால் ரொட்டியும் சூப்பும்தான். இதிலும் ஜி.ஆர். 65 கொஞ்சம் தேவலை, பல நாட்டு ஆட்கள் வந்து போவதால் கேட்டுக் கேட்டுப் பழகியிருக்கிறார்கள். லு புய்யில் பச்சைப் பருப்பு பிரசித்தம், எரிமலை மண்ணில் விளைவது. ஓப்ராக்கில் அலிகோ. உருளைக்கிழங்கு மசியலில் புது சீஸைப் போட்டுப் பெரிய மரக்கரண்டியால் கிண்டிக்கொண்டே இருப்பார்கள், கரண்டியைத் தலைக்கு மேல் தூக்கினாலும் அறுபடாமல் நூல் நூலாகத் தொங்கும். பக்கத்தில் சாஸேஜ் வைப்பார்கள், அதை மட்டும் வேண்டாம் என்றால் போதும். கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறை சேர்ந்த சீஸ் ஆகாது என்பவர்களுக்கு இதுவும் ஆகாது. அக்கா அந்த அளவுக்குப் பார்ப்பதில்லை.

முழங்காலுக்கு ஜி.ஆர். 65இல் மூன்று இடம் கஷ்டம். இரண்டாம் நாள் மோனிஸ்த்ரோல் இறக்கம், ஓப்ராக்கிலிருந்து சேன்-ஷெலிக்கு 500 மீட்டர் இறக்கம், கோங்க்குக்குள் நுழையும் கல் வழி. மூன்றும் வேறு வேறு நாளில் வருவதால் நடுவில் கால் தேறிக்கொள்ளும். பையை ஒவ்வொரு விடுதிக்கும் வண்டியில் அனுப்பும் சேவை முதல் இரண்டு பாதையிலும் இருக்கிறது, ஒரு பைக்குத் தினமும் பத்து யூரோ சொச்சம். முடியாமல் போனால் மோனிஸ்த்ரோலிலும் ஓமோன்-ஓப்ராக்கிலும் ரயில் நிலையம் உண்டு. கோங்க்கில் ரயில் இல்லை, ரொதேஸ் வரை சாலை வழியாகப் போய் அங்கிருந்து ரயில் பிடிக்க வேண்டும்.

ஒரே குறை கூட்டம். மேயும் செப்டம்பரும்தான் இந்தப் பாதையில் நெரிசல் காலம். தனிமை வேண்டும் என்றால் இது சரிவராது. ஆனால் மொழி தெரியாத அக்காவுக்கு, நான் முன்னால் போய்விட்டால் பின்னால் யாராவது வந்துகொண்டிருப்பது நல்லதுதானே. அவள் பேச்சுத்துணை இல்லாமல் பத்து நாள் இருக்கவும் மாட்டாள்.

ஆக, லு புய்யிலிருந்து கோங்க் என்று முடிவாகிவிட்டது. நேற்றே படுக்கைகளுக்கு எழுதிக் கேட்டேன். சோக்கிலும் நாஸ்பினாலிலும் இடம் கிடைத்துவிட்டது. எஸ்தேனிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. அங்கே நிரம்பியிருந்தால் ஒரு நாளைச் சுருக்கி எஸ்பாலியோனில் தங்க வேண்டும். கிடைக்காமலேயே போகட்டும் என்று உள்ளுக்குள் ஒரு ஆசை, அந்தப் பாலத்தை மாலை வெளிச்சத்தில் அவளுக்குக் காட்டலாம். அக்கா இப்போது தினமும் வீட்டு மாடிப்படியில் இருபது தடவை இறங்கிப் பழகுகிறாளாம், கையில் குடையைக் கோலாக ஊன்றிக்கொண்டு.